ஃபார்மட் அடிக்கும் முன்: பழைய கணினியில் லினக்ஸ் ஓடுமா என்று பார்ப்பது எப்படி?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. தனியாகப் பதிவு செய்துகொள்ளும் வீட்டுக் கணினிகளுக்கு மட்டும் மேற்கொண்டு ஓராண்டு அவகாசம். விண்டோஸ் 11-க்கு மாறிவிடலாமே என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ இருக்க வேண்டும். எட்டாம் தலைமுறையே 2017-இல்தான் வந்தது. நமக்கு நன்கொடையாக வரும் கணினிகள் பெரும்பாலும் அதற்கு முந்தியவை: அலுவலகங்கள் கழித்துக் கட்டியவை, வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வரும் சகோதரர்கள் விட்டுச் செல்பவை, அரசு கொடுத்த இலவச மடிக்கணினியில் அண்ணன் படித்து முடித்துத் தங்கைக்குக் கொடுத்தவை.

இவை குப்பைக்குப் போக வேண்டியதில்லை. லினக்ஸ் போட்டால் படிப்புக்கும், கடிதம் அடிக்கவும், இணைய விண்ணப்பங்களுக்கும் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். நம் அறக்கட்டளையின் கணினி வகுப்பில் ஓடும் பெட்டிகளில் பெரும்பாலானவை அப்படித்தான் ஓடுகின்றன. அதனால் யாராவது வந்து "இதில் லினக்ஸ் போட்டுத் தர முடியுமா?" என்று கேட்டால், முன்பெல்லாம் உடனே "முடியும்" என்று சொல்லிவிடுவோம். இப்போது அப்படிச் சொல்வதில்லை. "ஒரு நாள் வைத்துவிட்டுப் போங்கள், பார்த்துச் சொல்கிறோம்" என்கிறோம். அதற்குக் காரணம் எங்கள் தவறு ஒன்று. அதையே முதலில் சொல்லிவிடுகிறோம்.

பிளஸ் டூ முடித்த ஒரு மாணவி. கல்லூரி விண்ணப்பத்துக்கு நான்கு நாள் மிச்சம் இருந்தது. அத்தா பழையதாக வாங்கிக் கொடுத்த மடிக்கணினி நகரவே மாட்டேன் என்கிறது என்று கொண்டு வந்தாள். நாங்களும் உற்சாகமாக அன்று மாலையே ஃபார்மட் அடித்து லினக்ஸ் போட்டோம். திரை பளிச்சென்று வந்தது, வேகமும் வந்தது. வைஃபை மட்டும் வரவில்லை. எத்தனை முறை தேடியும் அப்படி ஒரு பாகமே இல்லாததுபோலக் காட்டியது. அப்போதுதான் அவள், "டெஸ்க்டாப்பில் என் சர்டிபிகேட் எல்லாம் ஸ்கேன் பண்ணி வைத்திருந்தேனே, அண்ணே" என்றாள். நாங்கள் அதைக் கேட்கவே இல்லை. அன்றிரவு மழையில் மரம் விழுந்து எங்கள் பக்கம் முழுக்க மின்சாரமும் போய்விட்டது. மறுநாள் முதல் பஸ்ஸில் அத்தாவும் மகளும் வத்தலக்குண்டுக்கு இறங்கி, எல்லாச் சான்றிதழ்களையும் மறுபடி ஸ்கேன் செய்து விண்ணப்பித்துவிட்டு இரவில் திரும்பினார்கள். இடம் கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் போனது எங்கள் அவசரத்தால். அந்த அத்தா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் எங்களுக்கு அதிகம் உறுத்தியது.

டிரைவர் யார் கையில் இருக்கிறது?

விண்டோஸில் ஒரு பாகம் வேலை செய்யவில்லை என்றால், அதன் கம்பெனி கொடுத்த சி.டி.யைப் போடுவோம் அல்லது அதன் டிரைவரை இறக்கிக்கொள்வோம். டிரைவர் என்பது அந்தப் பாகத்தின் மொழியை இயங்குதளத்துக்குப் பெயர்த்துச் சொல்லும் மென்பொருள். லினக்ஸில் ஏற்பாடு வேறு. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய கெர்னல்தான் லினக்ஸின் கரு. டிரைவர்களில் மிகப் பெரும்பாலானவை அந்தக் கெர்னலோடு சேர்ந்தே வருகின்றன. இன்டெல், ஏஎம்டி போன்ற நிறுவனங்கள் தங்கள் டிரைவர்களைத் தாங்களே எழுதிக் கொடுக்கின்றன. சில நிறுவனங்கள் எழுதவும் மாட்டா, சில்லு எப்படி வேலை செய்கிறது என்ற விவரத்தையும் தரமாட்டா. அப்படிப்பட்ட பாகங்களுக்குத் தன்னார்வலர்கள் பல மாதங்கள் சோதித்துச் சோதித்து எழுதியதுதான் உண்டு.

இதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. கெர்னலுக்குத் தெரிந்த பாகம் என்றால் சி.டி. எதுவும் தேடாமல் செருகியதும் வேலை செய்யும். பத்து வருடப் பழைய ஸ்கேனரை விண்டோஸ் கைவிட்டிருக்கும், லினக்ஸ் ஏற்றுக்கொள்ளும். கெர்னலுக்குத் தெரியாத பாகம் என்றால் கடைக்காரரிடம் போய்க் கேட்டும் பயனில்லை.

இன்னொரு சொல்லையும் தெரிந்துகொள்ள வேண்டும்: ஃபர்ம்வேர். சில சில்லுகளுக்குள் நிரந்தர நினைவகம் இருக்காது. கணினியை ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் ஒரு சிறிய கோப்பை அந்தச் சில்லுக்குள் ஏற்ற வேண்டும். டிரைவர் இருந்தும் இந்தக் கோப்பு இல்லையென்றால் சில்லு எழாது. அந்தக் கோப்பு நிறுவனத்தின் உடைமை, திறந்த மென்பொருள் அல்ல. ஆகவே டெபியன் போன்ற விநியோகங்கள் நெடுங்காலம் அதைத் தங்கள் நிறுவல் வட்டில் சேர்க்கவில்லை. 2022-இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுத்து அந்தக் கொள்கையை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் ஃபர்ம்வேர் வட்டிலேயே வருகிறது. மாணவியின் கணினியில் எங்களுக்கு நேர்ந்தது இதுதான். எங்கள் பென்டிரைவில் இருந்தது அதற்கு முந்திய பதிப்பு.

தமிழ்நாட்டுக்கு லினக்ஸ் புதிதல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் 2007 முதல் இருக்கிறது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில், எல்காட் மூலம் வந்த கணினிகளில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு முடிந்த சமயத்திலும், அரசு அலுவலகங்களுக்கு மாற்றாகப் பேசப்பட்டது பாஸ்தான். அந்த இலவச மடிக்கணினிகளில் லினக்ஸ் இருந்ததே பல வீடுகளில் தெரியாது. ஆன் செய்ததும் வரும் பட்டியலில் இரண்டாவது வரியை யாரும் தொடவில்லை. தொட்டிருந்தால் வைஃபையும் ஒலியும் வேலை செய்திருக்கும். காரணம், இலட்சக்கணக்கில் வாங்குபவருக்கு விற்கும் நிறுவனம் டிரைவர் சிக்கலைத் தானே தீர்த்துத் தர வேண்டும். நன்கொடையாக வந்த ஒற்றைப் பெட்டிக்கு அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும்.

பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்ப்பது

லினக்ஸை ஹார்டு டிஸ்க்கைத் தொடாமலே பென்டிரைவிலிருந்து நேராக ஓட்டலாம். 'லைவ்' என்பார்கள். 8 ஜிபி பென்டிரைவ் போதும். லினக்ஸ் மின்ட், டெபியன் இரண்டுக்கும் லைவ் பதிப்பு உண்டு. கோப்பு சுமார் மூன்று ஜிபி வரும். மலையில் சிக்னல் இருக்கும் நிலைக்கு அதை இறக்குவது பெரும்பாடு. நம் அலுவலகத்தில் இருக்கிறது, பென்டிரைவ் கொண்டு வந்து பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். இதைப் பிரதி எடுப்பதற்கு உரிமம் முழு அனுமதி தருகிறது. திருட்டு விண்டோஸ் நகல் போட்டுக்கொள்வதில் இருக்கும் சங்கடம் இதில் இல்லை.

கணினியை ஆன் செய்யும்போது எஃப்12, எஃப்9, எஸ்கேப் போன்ற ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தினால் எதிலிருந்து தொடங்குவது என்ற பட்டியல் வரும். கம்பெனிக்குக் கம்பெனி பொத்தான் மாறும். பென்டிரைவைத் தேர்ந்தெடுத்து உள்ளே போனதும், திரையின் அழகைப் பார்த்து மயங்காமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சோதிக்க வேண்டும். வைஃபை இணைகிறதா, பாட்டு கேட்கிறதா, ஹெட்போன் செருகினால் ஒலி மாறுகிறதா, கேமராவில் முகம் தெரிகிறதா, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான் வேலை செய்கிறதா என்று பாருங்கள். மூடியை மூடி ஐந்து நிமிடம் கழித்துத் திறந்தால் கணினி எழுகிறதா என்பதையும் பாருங்கள். கடைசிச் சோதனையைப் பலரும் விட்டுவிடுவார்கள். உறங்கி எழாத மடிக்கணினி மாணவர்களுக்குப் பெரும் தொல்லை, பாதி எழுதிய பாடம் போய்விடும்.

உள்ளே ஹார்டு டிஸ்க் தெரிகிறதா என்றும் பாருங்கள். சில இன்டெல் கணினிகளில் சேமிப்பு 'ஆர்எஸ்டி' என்ற முறையில் அமைக்கப்பட்டிருக்கும். லினக்ஸ் நிறுவியின் கண்ணுக்கு டிஸ்க்கே தெரியாது. பயாஸில் அதை 'ஏஹெச்சிஐ' என்று மாற்றினால் தெரியும். ஆனால் முன்னேற்பாடு இல்லாமல் மாற்றினால் ஏற்கெனவே இருக்கும் விண்டோஸ் தொடங்காது. விண்டோஸும் வேண்டும் என்பவர்கள் இந்த இடத்தில் நின்று யாரிடமாவது கேளுங்கள்.

இன்னொன்று: வெளியே ஒட்டியிருக்கும் பெயரை நம்ப வேண்டாம். உள்ளே இருக்கும் சில்லின் பெயர்தான் கணக்கு. லைவில் டெர்மினலைத் திறந்து, எல், எஸ், பி, சி, ஐ என்ற ஐந்து ஆங்கிலச் சிறிய எழுத்துகளைச் சேர்த்து அடித்தால் உள்ளே இருக்கும் பாகங்களின் பட்டியல் வரும். யுஎஸ்பியில் செருகியவற்றுக்கு எல், எஸ், யு, எஸ், பி. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் நான்கு இலக்கக் குறி உண்டு. இன்டெல்லின் குறி 8086. அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற பழைய சில்லின் எண்ணையே குறியாக வைத்துக்கொண்டார்கள். வைஃபை வரிக்கு நேராக 8086 இருந்தால் பெரும்பாலும் நிம்மதி. பிராட்காம் என்றால் கவனம் வேண்டும். அந்த நிறுவனம் 2010-இல்தான் தன் புதிய வைஃபை சில்லுகள் சிலவற்றுக்குத் திறந்த டிரைவர் வெளியிட்டது. பழையவற்றில் பலவற்றுக்கும், 43142 போன்ற பின்வந்த சிலவற்றுக்கும் தனி டிரைவரோ ஃபர்ம்வேரோ பின்னால் சேர்க்க வேண்டும். 'செக்யூர் பூட்' இயங்கும் கணினியில் அப்படித் தனியாகச் சேர்த்த டிரைவருக்கு ஒரு சாவி பதிய வேண்டியிருக்கும். மறுதொடக்கத்தில் நீலத் திரை ஒன்று வந்து கடவுச்சொல் கேட்கும். வைரஸ் என்று பயந்து பலர் அதைத் தாண்டிவிடுகிறார்கள். பிறகு வைஃபை வரவில்லை என்கிறார்கள்.

வைஃபைக்கு ஃபர்ம்வேர் வேண்டும், ஃபர்ம்வேரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும் என்று இது சுற்றிச் சுற்றி வரும். இதை அறுக்கும் வழி உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனைச் சார்ஜர் கேபிளால் கணினியோடு இணைத்து, போனின் அமைப்பில் 'யுஎஸ்பி டெதரிங்'கை ஆன் செய்யுங்கள். போனையே ஒரு நெட்வொர்க் கார்டாக லினக்ஸ் எடுத்துக்கொள்ளும். இதற்கு எந்த டிரைவரும் தேட வேண்டியதில்லை. மாணவியின் கணினியை நாங்கள் கடைசியில் சரிசெய்தது இப்படித்தான், பத்து நிமிட வேலை. முதல் நாளே தெரிந்திருந்தால் அவர்கள் மலை இறங்கியிருக்க வேண்டாம்.

எதற்கும் மசியாத வைஃபை என்றால் வெளியே செருகும் யுஎஸ்பி வைஃபை வாங்கலாம். அங்கேயும் பெட்டியின் பெயரை நம்ப முடியாது. டிபி-லிங்க் டபிள்யுஎன்722என் என்ற மாடலின் முதல் பதிப்பில் இருந்தது ஏதெரோஸ் சில்லு. லினக்ஸில் அருமையாக ஓடும், அதன் ஃபர்ம்வேர்கூடத் திறந்த மென்பொருள். அதே பெயரில், அதே உருவத்தில் வந்த இரண்டாம் பதிப்பில் ரியல்டெக் சில்லு. பழைய கெர்னல்களில் அது நிறையப் பேரை அலைக்கழித்தது. வாங்குமுன் பின்புற ஒட்டியில் 'வெர்ஷன்' எண்ணைப் பாருங்கள். முடிந்தால் லைவ் பென்டிரைவோடு கடைக்கே போய்ச் செருகிப் பார்த்து வாங்குங்கள்.

என்விடியா கிராபிக்ஸ் கார்டு நம் கணினிகளில் அபூர்வம், ஆகவே ஒரு வரி: மிகப் பழைய கார்டுக்கு அந்நிறுவனத்தின் டிரைவரைத் தேடி அலையாமல், கெர்னலோடு வரும் 'நூவோ' டிரைவரிலேயே விட்டுவிடுங்கள், படிக்க எழுத அது போதும்.

பிரிண்டர்

லினக்ஸ் பற்றிய பேச்சில் பிரிண்டருக்குத் தனி இடம் உண்டு. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வுக்கூடத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனம் ஒரு லேசர் பிரிண்டரை அன்பளிப்பாகக் கொடுத்தது. அதில் அடிக்கடி காகிதம் சிக்கும். சிக்கினால் எல்லோருக்கும் தகவல் போகும்படி நிரலைத் திருத்த ரிச்சர்ட் ஸ்டால்மன் விரும்பினார். மூல நிரலை வைத்திருந்தவர் ஒப்பந்தத்தைக் காட்டித் தர மறுத்துவிட்டார். அந்தக் கசப்பும் சேர்ந்துதான் 1983-இல் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். இன்று லினக்ஸில் பயன்படும் கருவிகளில் பல அதிலிருந்து வந்தவை. அன்பளிப்பாக வந்த பொருளுக்கும் அதன் டிரைவர் நம் கையில் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதை அவரும் பிரிண்டரில்தான் கற்றார்.

நம் பக்கத்து ஜெராக்ஸ் கடைகளிலும் அலுவலகங்களிலும் அதிகம் பார்ப்பது இரண்டு பழைய லேசர் பிரிண்டர்கள். ஒன்று ஹெச்பி லேசர்ஜெட் 1020. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் ஃபர்ம்வேர் ஏற்ற வேண்டிய வகை இது. ஹெச்பியே தரும் 'ஹெச்பிலிப்' மென்பொருளோடு அதன் துணைச் செருகியையும் ஒருமுறை இறக்கிவிட்டால் பிறகு தானாக நடக்கும். மற்றொன்று கேனன் எல்பிபி 2900. இது 'கேப்ட்' என்ற கேனனின் சொந்த முறையில் பேசும். லினக்ஸுக்கு டிரைவர் வெளியிட்டிருக்கிறார்கள், ஆனால் நிறுவுவது எளிதல்ல. இந்தப் பிரிண்டரை நம்பிப் பிழைக்கும் டி.டி.பி. கடைக்காரருக்கு எங்கள் யோசனை: ஒரு கணினியையாவது விண்டோஸிலேயே வைத்திருங்கள், லினக்ஸில் பிடிஎஃப் ஆக்கி அங்கே கொண்டுபோய் அச்சடியுங்கள். புதிதாக வாங்குபவர்கள் 'ஏர்பிரிண்ட்' வசதியுள்ள, வைஃபையில் இணையும் பிரிண்டராகப் பாருங்கள். அது ஐபோனுக்காக வந்த வசதி, ஆனால் லினக்ஸும் அதே வழியில் டிரைவர் இல்லாமலே அச்சடிக்கும்.

ஆதார் கைரேகைக் கருவி வைத்து இ-சேவை வேலை செய்பவர்கள், லினக்ஸுக்கு 'ஆர்டி சர்வீஸ்' உண்டு என்று விற்றவர் உறுதி சொல்லும்வரை விண்டோஸை விடவே வேண்டாம். வீட்டு அடுப்பு அதில் எரிகிறது.

மலையில் மட்டும் வரும் சில கோளாறுகள்

லினக்ஸ் ஒத்துவரவில்லை என்று எங்களிடம் வந்த கணினிகளில் சில, உண்மையில் எந்த இயங்குதளத்துக்கும் ஒத்துவராத நிலையில் இருந்தவை. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். அந்த ஈரத்தில் ரேமின் தங்க நிறப் பற்களில் அழுக்குப் படியும். நிறுவும்போது பாதியில் நிற்பது, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நிற்பது என்றால் முதல் சந்தேகம் ரேம் மேல்தான் இருக்க வேண்டும். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, ரேமைக் கழற்றி, பள்ளி ரப்பரால் பற்களை மெல்லத் துடைத்து மாட்டுங்கள். பிறகு 'மெம்டெஸ்ட்' சோதனையை ஓர் இரவு ஓடவிடுங்கள். பல லைவ் பென்டிரைவ்களின் தொடக்கப் பட்டியலிலேயே அது இருக்கும்.

இரண்டாவது, தேதி. இடிக்குப் பயந்து நாம் எல்லோரும் சுவரிலிருந்தே பிளக்கைப் பிடுங்கி வைக்கிறோம். நல்ல பழக்கம்தான். ஆனால் மின்சாரம் இல்லாத நேரமெல்லாம் கணினியின் கடிகாரம் மதர்போர்டில் உள்ள சிறிய பட்டன் பேட்டரியில் ஓடுகிறது, அது சீக்கிரம் தீர்ந்துவிடும். தீர்ந்தால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். உடனே இணையப் பக்கங்கள் சான்றிதழ் சரியில்லை என்று மறுக்கும், லினக்ஸின் அப்டேட் 'இந்தக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று நின்றுவிடும். எதிர்காலத்துக் கோப்பு என்று அது நினைக்கிறது! நெட்வொர்க் டிரைவர் கோளாறு என்று நாங்கள் இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட ஒரு கணினிக்கு வேண்டியிருந்தது ஒரு புது 2032 பேட்டரி. வாட்ச் கடையில் கிடைக்கும்.

மிகப் பழைய கணினிகள் பற்றியும் சொல்ல வேண்டும். 32-பிட் பிராசஸர் உள்ளவற்றில் புதிய பதிப்புகள் ஏறாது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் அவற்றுக்கான நிறுவியே இல்லை. டெபியன் 12 ஏறும், அதற்கு 2028 ஜூன் வரை நீண்டகாலப் பாதுகாப்பு ஆதரவு உண்டு. 2 ஜிபிக்குக் குறைந்த ரேம் என்றால் இன்றைய இணையப் பக்கங்களைத் திறக்கவே திணறும். அப்படிப்பட்டதைப் பிள்ளைகளுக்குத் தட்டச்சுப் பழக வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். மாறாக, 64-பிட் கணினி மெதுவாக இருந்தால், கையில் பணம் இருக்கும்போது பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். பழைய டிஸ்க்கை அப்படியே எடுத்து வைத்துவிட்டால் உள்ளே இருப்பதும் பத்திரமாக இருக்கும். இப்போதெல்லாம் முடிந்தவரை நாங்கள் இப்படித்தான் செய்கிறோம்.

நன்கொடையாகத் தருபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் குடும்பப் படங்களும் வங்கித் தாள்களும் பல கணினிகளில் அப்படியே வருகின்றன. அவை எங்களிடம் அமானிதம். பார்க்க மாட்டோம், ஒரு மாதம் வரை அழிக்கவும் மாட்டோம். அதற்குள் கேட்டால் எடுத்துத் தருவோம். பிறகு முழுவதும் அழித்துவிடுவோம்.

கணினி கொண்டு வருபவர்கள் ஞாயிறு அஸருக்குப் பிறகு வாருங்கள். சார்ஜர், போன் கேபிள், முடிந்தால் உங்கள் பிரிண்டரின் மாடல் எழுதிய துண்டுச் சீட்டு, பிரதி எடுக்க ஒரு காலி பென்டிரைவ் ஆகியவற்றோடு வாருங்கள். விண்ணப்பக் கெடு ஏதாவது நெருங்கியிருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். அந்த வேலை முடியும்வரை உங்கள் கணினியைத் தொட மாட்டோம்.